மூன்றாம் சாக்கெட்டைத் தேநீருக்கு ஒதுக்கியவருக்கு

ஆல-பெல் வட்டாரத் தொடர்பகத்தின் வலையமைப்புப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி இன்று பணி நிறைவு பெறும் மூத்த பொறியாளர் ஊல்கான் சிதிகோவா அவர்களுக்கு, உடன் பணிபுரிவோர் அனைவரும் சேர்ந்து வாசித்தளிக்கும் மடல்.

அறிவால் உயர்ந்தும் ஆரவாரம் அறியாதவரே, அளந்து பேசி அயராது உழைத்தவரே, கோக்-பெல் கணவாய்க்கு அப்பால் வாழும் மூன்று கிராமங்களின் குரல் இந்தப் பக்கம் வந்து சேர வழிகாத்து நின்றவரே, எங்கள் ஊல்கான் அக்கா அவர்களே, வணக்கம். அந்தக் குரல் ஒரு நாளும் அறுபடவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தோம். பொய் எழுதினால் மடலைக் கண்ணாடிச் சட்டத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஆகவே அறுபட்ட நாள்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

புகழ்ந்தால் முகம் சுளிப்பவர் நீங்கள். தோளில் போர்த்தியிருக்கும் பூவேலை அங்கி இந்த மே மாத வெயிலுக்குக் கனக்கிறது என்பதும் தெரிகிறது. மேசைமீது எண்ணெயில் பொரித்த போர்சோக் ஆறிக்கொண்டிருப்பதை முன்வரிசையில் சிலர் கவலையோடு பார்க்கிறார்கள். ஆனாலும் முப்பத்து நான்கு ஆண்டுகளை மூன்று வரியில் முடிக்க எங்களால் ஆகாது. சற்றே பொறுத்தருள்க.

பொறுமையின் பொருளறிந்தவரே,

தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராக நீங்கள் சேர்ந்தது 1989ஆம் ஆண்டு. அதன்பின் நாடு மாறியது, நிலையத்தின் பெயர்ப்பலகை நான்கு முறை மாறியது, இணைப்பு மேசையின் கயிறும் துளையும் போய்க் கேபிளும் ரவுட்டரும் வந்தன. நீங்கள் மட்டும் அதே சன்னலோர நாற்காலியில் அமர்ந்து, வந்த ஒவ்வொரு கருவியையும் திருகு திருகாய்க் கழற்றிப் பார்த்து, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி, புரிந்ததைப் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். கருவி அனுப்பிய நிறுவனத்தார் கையேட்டில் எழுதாமல் விட்டதையெல்லாம் உங்கள் நீல அட்டை நோட்டில்தான் நாங்கள் படித்தோம்.

பத்து விநாடியின் மதிப்பறிந்தவரே,

கணவாயின் உச்சியில் மூவாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் நம் கோபுரம் நிற்கிறது. அதன் காலடியில் ஒரு தகரக் குடில், குடிலுக்குள் ஒரு ரவுட்டர். தாஷ்-புலாக் முதலான மூன்று கிராமங்களின் பள்ளியும் மருந்தகமும் அஞ்சலகமும் அந்த ஒரே ரவுட்டரை நம்பியிருக்கின்றன. அதுவோ மாதத்துக்கு ஐந்தாறு முறை, காற்றோ மின்னலோ காரணமின்றியோ, பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிடும். விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், கேட்டால் பதில் வராது. உடனே ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர், எங்களில் ஒருவர். போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம். மேலே போய்ச் செய்யும் வேலை, பிளக்கைப் பிடுங்கிப் பத்து எண்ணி மறுபடி செருகுவது. 2010ஆம் ஆண்டில் மட்டும் அந்தப் பத்து விநாடி வேலைக்காக அறுபத்தொரு முறை மலையேறினோம். எழுபது வயதுக் குதிரைக்காரருக்கு வரும் இடுப்புவலி எங்களுக்கு முப்பது வயதிலேயே வந்தது.

2011ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அப்போதைய இயக்குநரின் மேசைமீது வைத்தீர்கள். அந்த உரையாடல் இன்றும் எங்கள் காதில் நிற்கிறது.

“என்னக்கா இது?” என்றார் இயக்குநர்.

“ரவுட்டர நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்புடும். பத்து நிமிஷம் பதில் வரலைன்னா கரண்ட்ட நிறுத்தும், பத்து எண்ணும், திரும்பப் போடும். நாம மேல போயி வேற என்னத்தக் கிழிக்கிறோம்?”

“பொட்டிக்கு மூளை இருக்கா?”

“இல்ல. அதனாலதான் நம்பலாம்.”

முதல் குளிர்காலத்திலேயே அந்தப் பெட்டி நாற்பது பயணங்களை மிச்சப்படுத்தியது. வழுக்கும் சாலையில் போய்வராத அந்த நாற்பது நாள்களில் எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பன் முகம் பகலிலும் தெரிந்தது. எங்கள் வீட்டம்மாக்கள் உங்களுக்கு அனுப்பிய ஜாம் புட்டிகளின் எண்ணிக்கை உங்களுக்குத்தான் தெரியும்.

பெட்டி பிழையே செய்யாதது என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் நீங்கள் மறுத்திருக்கிறீர்கள். அடுத்த வசந்தத்தில் பள்ளத்தாக்கில் மண்வெட்டும் எந்திரம் கேபிளை அறுத்தது. நம் பெட்டியோ ரவுட்டர் வழியாகத் தலைநகரத்து முகவரி ஒன்றைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் ரவுட்டர்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, நன்றாய் இருந்த ரவுட்டரை நாள் முழுதும் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. கிராமத்துக்குக் கிராமம் பேசிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. நாங்கள் சிரித்தோம், நீங்கள் சிரிக்கவில்லை. “பக்கத்துல இருக்கறவன மொதல்ல கேக்கணும், தூரத்துல இருக்கறவன அப்புறம் கேக்கணும்” என்று சொல்லிப் பெட்டியின் கட்டளையைத் திருத்தி எழுதினீர்கள். மூன்று முறைக்குமேல் எழுப்பக் கூடாது, எழாவிட்டால் ஆறு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி மூன்று முறை என்றும் விதி வைத்தீர்கள். அந்த விதி இன்றளவும் மாறவில்லை.

இதுவரை ‘நாங்கள்’ என்று வாசித்தேன். இனி வரும் சில பத்திகளில் ‘நான்’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. மடலில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்பது தெரியும். வாசிக்கும் நான் வலையமைப்புப் பிரிவின் தலைவன் தாலாய்பெக் ஒசோனோவ். அக்கா, நீங்கள் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வீர்கள் என்பது எழுதும்போதே தெரியும். நிறுத்தப் போவதில்லை.

2014 பிப்ரவரி மாதக் கடைசியில் நானும் ஜெங்கிஷும் வழக்கமான சோதனைக்காகக் கோபுரத்துக்குப் போனோம். ஜெங்கிஷ் அன்றும் இன்றும் கோபுரப் பணியாளர்; அன்றைக்கு நானும் அதே. குடில் வாசலைப் பனி மூடியிருந்தது. கீழே குளிர்காலக் கிடை போட்டிருந்த கொச்கோர்பை ஐயா, இதோ முன்வரிசையில் அமர்ந்திருப்பவர், மண்வாரியோடு குதிரையில் வந்து எங்களோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் பனி அள்ளினார். அள்ளி முடித்து உள்ளே வந்து உட்கார்ந்தார். எங்களிடம் ரொட்டி இருந்தது. எரிவாயு தீர்ந்திருந்தது.

“டீ இல்லையா?” என்றார் ஐயா. “பரவால்லடா. பனி அள்ள வந்தவனுக்கு வெறும் ரொட்டியக் காட்டி அனுப்புனாங்கன்னு ஊருல நானா சொல்லப்போறேன்? குதிரை சொன்னாத்தான் உண்டு.”

அதற்குப் பின்னும் தேநீர் கொடுக்காமல் அனுப்பும் ஆள் இந்த மலைநாட்டில் பிறக்கவில்லை. ஜெங்கிஷின் பையில் ஒரு மின்கெட்டில் இருந்தது. அதன் வயர் ஒரு முழம். சுவர் சாக்கெட் இருந்ததோ அலமாரிக்குப் பின்னால். மேசைமீது கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே சாக்கெட் உங்கள் பெட்டியில் இருந்தது. நான் ரவுட்டரின் பிளக்கைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, அதன் நீள வயரை இழுத்துச் சுவரில் செருகினேன். கெட்டிலைப் பெட்டியில் செருகினேன். ரவுட்டர் அரை நிமிடம் அணைந்து எழுந்தது. யாருக்கும் தெரியவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

இரண்டாவது கிண்ணம் குடிக்கும்போதே காற்று திரும்பியது. உடனே இறங்கச் சொன்னார் ஐயா. அவசரத்தில் வருகைப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டோம், கதவைப் பூட்டினோம், இறங்கினோம். பிளக்கை மாற்றிச் செருக மறந்தோம்.

பதினோரு நாள் கழித்துப் பனிப்புயலில் சாலை மூடிய மறுநாள், ரவுட்டர் நின்றது. பெட்டி உங்கள் சொல்படி கூப்பிட்டது, பதில் வரவில்லை, கரண்டை நிறுத்திப் பத்து எண்ணிப் போட்டது. அணைந்து எழுந்தது கெட்டில். ஆறு மணி நேரத்துக்கு மூன்று முறை வீதம் நான்கு நாள், நாற்பத்தெட்டு முறை அந்தக் கெட்டிலை எழுப்பியிருக்கிறது. ரவுட்டரோ சுவரில் மாட்டியபடியே பேச்சுமூச்சின்றி இருந்தது. தாஷ்-புலாக் பள்ளியில் பொதுத்தேர்வுக்குப் பெயர் பதிய வேண்டிய பத்தொன்பது பேர் இருந்தார்கள். பதிவு முடிய இரண்டு நாளே இருந்தது. விட்டால் ஓராண்டு போயிற்று.

நானும் ஜெங்கிஷும் அப்போது கீழ்ப்பள்ளத்தாக்கில் அறுந்த கேபிளோடு மல்லாடிக்கொண்டிருந்தோம். நாற்பத்தொன்பது வயதில், முட்டிவலியோடு, பனி அள்ளும் டிராக்டரில் கிடை வரைக்கும் போய், அங்கிருந்து கொச்கோர்பை ஐயாவின் குதிரையில், புதையும் பனியில், ஐந்து மணி நேரம் நீங்கள் மேலேறினீர்கள். கதவைத் திறந்தீர்கள். எது எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தீர்கள். பதிவேட்டில் கடைசியாக இருந்த இரண்டு பெயர்களையும் பார்த்திருப்பீர்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டீர்கள். பத்தொன்பது பேரும் அன்று மாலைக்குள் பதிந்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். ஊரே புகழ்ந்த பெட்டி நான்கு நாள் ஏன் எழுப்பவில்லை என்று மேலிடம் கேட்டது. நான் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின ஆண்டுதான், பணி நாளில் போனை அணைத்துவிட்டுக் குதிரையேறி ஆடும் கோக்-போரு ஆட்டம் பார்க்கப் போனதற்காக எனக்கு ஒரு கண்டனம் விழுந்திருந்தது. இரண்டாவது விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது நம் தொடர்பக விதி. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“பொட்டி சொன்னபடிதான் செஞ்சிருக்கு” என்றீர்கள். “சொன்னதுதான் சரியில்ல. சொன்னது நான்.”

“வேற யாரு மேலயாவது தப்பு இருக்கா?” என்று கேட்டார் இயக்குநர்.

“யாரு வேணா பிடுங்கற மாதிரி சாக்கெட் வச்சது யாரு? நான்தான். எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக வெள்ளையாக இருந்த உங்கள் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. நான் வாய் திறக்கவில்லை. பயந்தேன். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க இத்தனை ஆண்டும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் பிரிவுத் தலைவர் பதவி காலியாயிற்று. அது உங்களுக்குரியது என்பது காவலாளிக்குக்கூடத் தெரியும். அதே ஆண்டில் கண்டனம் பெற்றவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று உங்கள் பெயரை அடித்துவிட்டு, அடுத்து இருந்த பெயரை எடுத்தார்கள். அது என் பெயர். அந்த நாற்காலியில் நான் ஒன்பது ஆண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்கு ஒரு நாளும் வசதியாக இருந்ததில்லை, இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.

பதவியேற்ற அன்று போர்சோக் சுட்டு எடுத்துக்கொண்டு முதலில் வந்தவர் நீங்கள். கூடவே ஒரு தாளையும் நீட்டினீர்கள். “தலைவரே, மொதக் கையெழுத்து இதுல போடுங்க” என்றீர்கள். புதிய பெட்டி செய்வதற்கான கோரிக்கை அது. மூன்று சாக்கெட் என்று இருந்தது. மூன்றாவது எதற்கு என்ற இடத்தில் ‘தேநீர்’ என்று உங்கள் குண்டு எழுத்தில் எழுதியிருந்தது. படித்துவிட்டு நான் தலை நிமிரவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது.

ஜூன் மாதம் பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்தபோது நீங்கள் சொன்னது இவ்வளவுதான். “தம்பி, மொத ரெண்டும் ரவுட்டருக்கும் ரேடியோவுக்கும். பிளக் மேல பட்டை போட்டு முறுக்கியிருக்கேன், ஸ்க்ரூ டிரைவர் இல்லாம வராது. மூணாவது டீக்கு. அது எப்பவும் அணையாது. விருந்தாளி வந்தா தாராளமா போட்டுக்கோங்க.” அதற்கு முன்னும் பின்னும் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு சொல் நீங்கள் பேசியதில்லை. பேசித் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபடி ‘நாங்கள்’.

அணைத்து எழுப்பும் நுட்பத்தின் ஆசிரியரே,

இன்று இந்த வட்டாரத்தின் பதினான்கு கோபுரங்களிலும் உங்கள் பெட்டி இருக்கிறது. ஆண்டுக்கு அறுபத்தொன்றாக இருந்த மலைப்பயணம் ஐந்தாகக் குறைந்திருக்கிறது. நின்ற ரவுட்டர் எழுந்து பதில் சொல்லப் ஆறேழு மணி நேரம் காத்திருந்த கிராமங்கள் இப்போது கால் மணி நேரம்கூடக் காத்திருப்பதில்லை. பதினான்கு பெட்டிகளிலும் மூன்றாம் சாக்கெட் உண்டு. போன ஆண்டுப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், இந்தச் சாக்கெட்டின் தொழில்நுட்பக் காரணம் என்ன என்று எழுந்து நின்று கேட்டார். “மேல குளிரும்” என்று பதில் சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனீர்கள். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இம்மடலின் நடுப்பகுதியை நேற்றுத்தான் மற்றவர்கள் படித்தார்கள். முதலில் பேசியவர் ஜெங்கிஷ்.

“கெட்டில் என்னோடதுப்பா. என் பேரையும் போடு. தப்பையெல்லாம் நீயே சுருட்டிக்கிட்டு நல்லவனாயிரலாம்னு பாக்கறியா?”

போட்டிருக்கிறோம்.

இன்னொன்றை மறுபடி ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இப்போதைய இயக்குநர் அய்தா அம்மையாரிடம் போன வாரம் ஒரு கடிதம் கொடுத்தேன். உங்கள் பதிவேட்டில் ஏறிய கண்டனத்தை எடுத்து, அது ஏற வேண்டிய பதிவேட்டில் ஏற்றக் கேட்டிருந்தேன். “இது உங்களுக்கு ரெண்டாவது. விதி தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன். இரண்டு நாள் யோசித்தார். விதியை முழுதாகப் பயன்படுத்தாமல் பாதியாகப் பயன்படுத்தியிருக்கிறார். அந்த ஆணையின் நகல் இந்தச் சட்டத்துக்குள் மடலின் பின்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. அக்கா, உங்கள் பதிவேடு இன்று காலையிலிருந்து மறுபடி வெள்ளை. ஒன்பது ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியாது. அதற்காக வருந்துகிறேன் என்பதை எல்லார் முன்னிலும் சொல்லத்தான் இந்த மடலை நானே வாசிக்கக் கேட்டு வாங்கினேன்.

இனி நீங்கள் விரும்பிய நேரத்தில் எழுந்து, விரும்பிய தோட்டத்தில் விரும்பிய ஆப்பிரிகாட்டை நட்டு, முட்டிவலிக்கு மருத்துவர் சொல்லும் வெந்நீர் ஊற்றுக்கு மறக்காமல் போய், பேரப்பிள்ளைகளின் பொம்மைகளைக் கழற்றிப் பார்த்து, உடல் நலமும் மன நிறைவும் குன்றாமல் நூறாண்டு வாழ்க. நீங்கள் தொலைபேசியில் அழைத்தால் எங்களில் ஒருவர் உடனே எடுப்பார். எடுக்காவிட்டால் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு ஆறு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது நீங்கள் வைத்த விதி.

வரும் திங்கட்கிழமை கோக்-பெல்லுக்குப் போகிறேன். எது எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே உங்களைக் கூப்பிடுகிறேன்.

இப்போது கொச்கோர்பை ஐயா கையேந்தி வாழ்த்துச் சொல்வார். எல்லாரும் கை விரித்து, சொல்லி முடித்ததும் முகத்தில் தடவிக்கொள்வோம். பிறகு தேநீர்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
ஆல-பெல் வட்டாரத் தொடர்பகப் பணியாளர்கள் அனைவரும்

இவர்களுடன்,
ஜெங்கிஷ் மம்பெதோவ், கோபுரப் பணியாளர், கெட்டிலின் உரிமையாளர்
தாலாய்பெக் ஒசோனோவ், திங்கட்கிழமை முதல் கோபுரப் பணியாளர்